தாத்தாவின் தொழிலும் பேத்தியின் துறையும்

ஒரு பெயருக்குள் எல்லாவற்றையும் அடக்கிக்கொள்ளும் படிப்புகள் சில உண்டு. மருத்துவம் என்றால் உடல், சட்டம் என்றால் வழக்கு என்று எல்லை கட்டிச் சொல்லிவிடலாம். அண்மைக் காலத்தில் உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுகலைப் படிப்பாக வளர்ந்துள்ள நிலைத்தன்மைக் கல்விக்கு அவ்வாறு எல்லை காட்டுவது எளிதன்று. காடும் கடலும் அதற்குள் வரும். மின்சாரமும் மீன்பிடியும் வரும். நகரத்துச் சாக்கடையும் நிறுவனத்துக் கணக்கேடும் வரும். எல்லாம் அடங்கிய இடத்தில் எதைப் பற்றிக்கொள்வது என்பதே அதனைப் பயிலப் புகும் மாணவர்க்கு முதல் இடர்ப்பாடாகும்.

இந்த இடர்ப்பாடு சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. வேதியியலில் பட்டம் பெற்று, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நான்காண்டுகள் சோதனைக்கூடப் பணியில் இருந்து, அதில் சேமித்த பணத்தைக் கொண்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள் என் மகள். இடமும் கிடைத்தது. நீர்வளம், ஆற்றல், நகர அமைப்பு, நிறுவன அறிக்கையியல், திண்மக் கழிவு மேலாண்மை என ஐந்து பிரிவுகளைக் காட்டி, ஒன்றை ஒரு திங்களுக்குள் தேர்ந்து தெரிவிக்குமாறு பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. அந்த ஒரு திங்களும் எங்கள் வீட்டில் நடந்த விவாதம் ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடுவதன்று எனக் கருதியே இதனை எழுதுகிறேன். தம் மாணவர் வந்து, "எதைப் படிக்கலாம், ஐயா?" என்று கேட்கும்போது விடை சொல்ல வேண்டிய கடமை ஆசிரியர் அனைவர்க்கும் உண்டன்றோ?

முதலில் சொல்லைப் பார்ப்போம். நிலைத்தன்மை என்று நாமும், நீடித்த நிலையான வளர்ச்சி என்று தமிழ்நாட்டவரும், நிலைபேறு என்றும் பேண்தகைமை என்றும் ஈழத்தவரும் ஒரே கருத்தை வெவ்வேறு சொற்களால் வழங்கி வருகிறோம். இவற்றுள் பேண்தகைமை என்பது என் மனத்துக்கு மிக இசைந்த சொல். நிலைத்தல் என்பது பொருளின் இயல்பு. பேணுதல் என்பது மனிதனின் செயல். பேணுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதை அச்சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

இக்கருத்து பிறந்த வரலாறும் அதையே சொல்கிறது. 1713ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சுரங்கத் துறையில் பணியாற்றிய ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் என்பவர் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைக்களங்களுக்கும் மரம் வேண்டியிருந்தது. வெட்டுவோர் பலர், நடுவோர் இலர். காடு முடிந்தால் சுரங்கமும் முடிந்துவிடும் என உணர்ந்த அவர், வளர்கிற அளவுக்கே வெட்ட வேண்டும் என்னும் நெறியை வகுத்தார். உலகைக் காக்க வேண்டும் என்று அவர் புறப்படவில்லை. தம் பொறுப்பில் இருந்த ஒரு பொருள் தீர்ந்துபோவதைக் கண்டு கவலையுற்றார். அக்கவலையின் வழி வந்ததே இன்று உலகமெங்கும் ஒலிக்கும் பெருஞ்சொல்.

பின்னர் அச்சொல் விரிந்தது. 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாட்டு நிறுவனம் மனிதச் சூழல் மாநாட்டைக் கூட்டியது. 1987இல் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஆணையம், வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவையை நிறைவு செய்தல் என்று அதற்கு இலக்கணம் கண்டது. 2015இல் உலக நாடுகள் 17 இலக்குகளையும் 169 உள்ளிலக்குகளையும் ஏற்றுக்கொண்டன. பல்கலைக்கழகங்களும் பின்தங்கவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் நிலைத்தன்மைக்கெனத் தனிப் பள்ளியே அமைத்தது. நம் பினாங்கில் 1969இல் தொடங்கப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 2008இல் சிறப்புத் தகுதி பெற்றபோது, நிலைத்த எதிர்காலத்துக்கு ஏற்ப உயர்கல்வியை மாற்றுவதே தன் குறிக்கோள் என அறிவித்தது. ஒரு காட்டைப் பற்றிய கவலை மூன்று நூற்றாண்டுகளில் 169 உள்ளிலக்குகளாகப் பெருகிவிட்டது. இத்தனையையும் ஒருவர் தோளில் ஏற்ற முடியுமா? முடியாது. அதனால்தான் துறை பிரிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு துறை கூறினர். என் மைத்துனர் கணக்காய்வாளர். நிறுவன அறிக்கையியலே சிறந்தது என்றார் அவர். அவர் காட்டிய காரணங்கள் வலுவானவை. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் தம் நிலைத்தன்மை பற்றி அறிக்கை தர வேண்டும் என நம் நாட்டுப் பங்குச் சந்தை 2015இலேயே விதித்துவிட்டது. 2023இல் அனைத்துலகத் தர நெறிகளும் வெளிவந்தன. 2024இல் அவற்றைத் தழுவி நம் நாட்டுக்கென ஒரு வரைவுச் சட்டகமும் அறிமுகமாயிற்று. அறிக்கை எழுதத் தெரிந்தவர்க்கு வேலை காத்திருக்கிறது. "குளிர்சாதன அறை, நல்ல சம்பளம், வேறென்ன வேண்டும் உனக்கு?" என்று மருமகளைக் கேட்டார் அவர்.

நான் நீர்வளத்தைக் கூறினேன். தமிழாசிரியனாக இருந்தவனுக்கு நீர் என்றால் ஒரு மயக்கம் உண்டு. அதனால் மட்டும் கூறவில்லை. பினாங்கின் குடிநீரில் மிகப் பெரும் பங்கு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு பிறப்பதோ கெடா மாநிலத்துக் காடுகளில். 1962இல் கட்டி முடிக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணை போன்றவை தீவுக்குத் துணையே தவிர, முழுத் தேவையையும் நிறைவு செய்ய வல்லனவல்ல. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் பெரிய குழாய்த் தடுக்கிதழ்களை மாற்றுவதற்காகச் சில நாள் நீர் நிறுத்தப்பட்டபோது, வீடுதோறும் வாளிகளும் அண்டாக்களும் வரிசை கட்டி நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. நீர் மிகினும் துன்பமே. 2017 நவம்பர் 4ஆம் நாள் இரவு தொடங்கிய பெருமழையும் வெள்ளமும் பினாங்கில் எழுவர் உயிரைக் கொண்டுசென்றன. அதற்கு இரண்டு வாரம் முன்னர்த் தஞ்சோங் பூங்காவில் ஏற்பட்ட மண்சரிவில் 11 தொழிலாளர் மாண்டனர். இத்தகைய ஊரில் நீரைப் படிப்பது பயனுள்ள படிப்பு என்பதில் ஐயமில்லை.

மகள் எல்லார் சொல்லையும் கேட்டாள். பிறகு, "திண்மக் கழிவு மேலாண்மையைத்தான் எடுக்கலாம் என்றிருக்கிறேன், அப்பா" என்றாள்.

அச்சொற்றொடரை என் தாயாருக்கு விளக்க வேண்டியிருந்தது. குப்பையைப் பற்றிய படிப்பு என்றேன். எண்பது கடந்த அம்மூதாட்டி சிறிது நேரம் பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "உன் தாத்தா சுமந்ததையா நீ படிக்கப் போகிறாய், கண்ணு?" என்று கேட்டார். அக்கேள்வியில் சினமில்லை. அதனால்தான் அது எங்கள் எல்லாரையும் வாயடைக்கச் செய்தது.

அதன் பொருளை இளைய வாசகர்க்குச் சொல்ல வேண்டும். என் தந்தையார் நகரசுத்தித் தொழிலாளி. இந்த நகரத்தின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னே ஒடுங்கிய சந்துகள் உண்டு. அச்சந்துகளின் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் தாழ்ந்த சிறு கதவு ஒன்று இருந்தது. இரவில் அக்கதவைத் திறந்து மலவாளியை எடுத்துச் செல்லும் வேலையில் தொடங்கியது அவர் வாழ்வு. பிறகு குப்பை லோரிக்கு மாறினார். விடியற்காலையில் வீடு திரும்பும் அவர் வாசற்படி ஏறமாட்டார். வெளிக்குழாயடியில் நின்று மருந்துச் சவர்க்காரம் தேய்த்துக் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்ட பிறகே உள்ளே வருவார். என்னை அவர் தொட்டுத் தூக்கியது பெரும்பாலும் மாலை வேளைகளில்தான். அவர் அண்டையில் உட்காரத் தயங்கிய உறவினர் உண்டு. எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவரும் உண்டு. பிள்ளைகள் இந்த வாளியைத் தொடக்கூடாது என்பது ஒன்றே அவர் வாழ்நாள் வைராக்கியம். நான் ஆசிரியனானேன், என் மகள் வேதியியல் படித்தாள். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையில் ஏறி வந்த படிகளை என் தாயார் ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருந்தார். கடைசிப் படியில் நிற்கும் பேத்தி மீண்டும் கீழே பார்க்கிறாளே என்பதுதான் அவர் துயரம்.

இந்தத் துயரத்தைப் பழைமை என்று தள்ளிவிடுதல் எளிது, முறையாகாது. பிறப்பையும் வறுமையையும் காட்டி ஒருவர்மேல் சுமத்தப்பட்ட தொழிலை, அதிலிருந்து தப்பியவர்கள் வெறுப்பது இயற்கை. ஆகவே, உணர்ச்சியால் ஒரு பக்கம் சாயாமல் எண்ணிப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அதை நான் திருக்குறளில் தேடிக்கொண்டேன். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்கென வகுக்கப்பட்ட பொருட்பாலின் பகுதிதான் அது. ஆயினும் ஒரு மாணவி துறை தேர்வதற்கும் அந்த நான்கு தலைப்புகளும் நான்கு கேள்விகளாகப் பயன்படக் கண்டேன். என்ன செயல்? எவர் வலிமை? ஏன் இக்காலம்? எந்த இடம்?

முதலாவது, செயல். குப்பை என்பது கூட்டி ஒதுக்குவதோடு முடிந்துவிடும் பொருளன்று. மலேசிய வீடுகளின் குப்பையில் பாதியை ஒட்டிய பகுதி உணவு எச்சம். அதைப் பிற குப்பையோடு கலந்து நிலத்தில் புதைத்தால், காற்றுப் புகாத அவ்விருளில் அது அழுகி மீத்தேன் வாயுவாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை அது பிடித்து வைக்கிறது. மழைநீர் குப்பை மேட்டுக்குள் இறங்கிக் கருநீராக வடிகிறது. தடுத்துச் சுத்திகரிக்காவிட்டால் நிலத்தடி நீரையும் ஆற்றையும் கெடுக்கிறது. வடிகாலில் அடைத்த நெகிழிப்பை வெள்ளத்தைப் பெருக்குகிறது. நான் பரிந்துரைத்த நீரும் இங்கே வந்துவிட்டது. "நீங்கள் சொன்ன துறையின் பின்வாசல் வழியாகத்தான் நான் நுழைகிறேன், அப்பா" என்றாள் மகள்.

இரண்டாவது, வலி. பேரறிஞர் எவரும் வெறுங்கையோடு ஒரு சிக்கலுக்குள் நுழைந்ததில்லை. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் அவர்களை எடுத்துக்கொள்வோம். தூக்கியெறியப்பட்ட நெகிழியைத் துண்டாக்கிச் சூடேற்றிய சரளைக் கல்லின்மேல் தூவினால், அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும்; அதன்மேல் தாரைக் கலந்தால் சாலை உறுதிப்படும் என்று அவர் கண்டார். அம்முறைக்கு 2006இல் காப்புரிமை பெற்றார். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஶ்ரீ விருது வழங்கியது. குப்பையைக் கண்டு அவர் வேதியியலை விட்டுவிடவில்லை; வேதியியலைக் கொண்டே குப்பையை அணுகினார். இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹாவர்டு என்னும் தாவரவியல் அறிஞரும் அத்தகையவரே. யஷ்வந்த் வாட் என்னும் இந்தியரோடு சேர்ந்து அவர் 1931இல் வேளாண் கழிவைப் பற்றி எழுதிய நூலே மக்கு உரம் செய்யும் இந்தூர் முறையை உலகறியச் செய்தது. இந்திய உழவரிடம் கற்றவற்றை அவர் பெரிதும் போற்றினார். என் மகளின் வலிமையும் வேதியியலே. நிறுவன அறிக்கையியலுக்குப் போனால் அந்த நான்காண்டு ஆய்வுக்கூடப் பழக்கம் பயனற்றுக் கிடக்கும். கழிவுத் துறையில் அதுவே அவள் கைவாளாகும்.

மூன்றாவது, காலம். 2018இன் தொடக்கத்தில் சீனா பிற நாட்டு நெகிழிக் கழிவுக்குக் கதவடைத்தது. அங்குச் செல்ல வேண்டியவை தென்கிழக்காசியத் துறைமுகங்களை நாடின. 2020 ஜனவரியில், 150 கொள்கலன்களில் வந்த கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பியனுப்பியதாக மலேசிய அரசு அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை பினாங்குத் துறைமுகம் வழி வந்தவை. செல்வ நாடுகள் தம் பின்சந்துக் கதவைத் திறந்து வாளியை நம் வாசலில் வைத்துவிட்டுப் போன காட்சி அது! 2021 முதல் நெகிழிக் கழிவு வணிகத்துக்கு அனைத்துலக உடன்பாடு கடுமையான கட்டுப்பாடு விதித்துள்ளது. ஆயினும் சட்டத்தை நடைமுறைப்படுத்த, கொள்கலனைத் திறந்து பார்த்து இது இன்னது எனச் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் தேவைப்படும் காலம் இது.

நான்காவது, இடம். பினாங்கு இந்தத் துறையில் வெறுமனே இருந்த ஊரன்று. 2009 ஜூலையில் வாரத்தில் ஒரு நாள் இலவச நெகிழிப்பை இல்லை எனத் தொடங்கி, 2011 ஜனவரி முதல் எல்லா நாளுக்கும் அதனை விரிவாக்கியது. 2016 ஜூன் முதல், குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. 1969இல் பினாங்கில் தோன்றிய பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் அவர்களின் நெடுங்காலத் தலைமையில், வீட்டு உணவு எச்சத்தை உரமாக்கும்படி ஓயாமல் வலியுறுத்தி வந்தது. 2019இல் அவர் மறைந்த பிறகும் அப்பணி தொடர்கிறது.

இவ்வளவு இருந்தும் குறை தீர்ந்ததா? தீவின் குப்பை பத்து மாவோங் இடைநிலையத்தில் சேர்க்கப்பட்டுச் செபராங் பிறையின் தென்கோடியில், நிபோங் திபால் வட்டாரத்துப் பூலாவ் பூரோங் குப்பை நிலத்துக்குச் செல்கிறது. 2022 ஜனவரியில் அந்நிலம் தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. அதற்கு முன்பே, 2020 ஆகஸ்டில், தீவிலுள்ள ஜெலுத்தோங் குப்பை மேடும் எரிந்திருக்கிறது. நாம் வீட்டிலிருந்து அகற்றியது புகையாகி மூக்குக்கே திரும்பி வந்தது. இலங்கையில் நடந்தது இன்னும் கொடிது. கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் திருநாளன்று, குப்பை மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரம் தான் வேண்டாமென்று எறிந்ததன் அடியில் ஏழைகளைப் புதைத்துவிட்டது.

நம் சமூகத்தின் பங்கும் இதில் உண்டு என்பதை மறைத்தல் அழகன்று. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் இரதம் தண்ணீர்மலை நோக்கி வரும் வழியெல்லாம் இலட்சக்கணக்கில் தேங்காய் உடைக்கிறோம். தண்ணீர்ப் பந்தல்தோறும் தாகம் தீர்க்கிறோம். பக்தி பெரிது, தானமும் பெரிது. இரதம் நகர்ந்த பிறகு சாலையில் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் சிரட்டைகளையும் குவளைகளையும் அள்ளும் கைகளைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. உடைக்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுமாறு பயனீட்டாளர் சங்கம் வேண்டியபோது முகம் சுளித்தோரும் நம்மிடையே உண்டு. அந்தச் சிரட்டைகளை மறுநாள் அள்ளியவர்களில் ஒருவர் என் தந்தையார். தைப்பூசம் எங்களுக்குத் திருவிழா. அவருக்கு இரட்டை வேலை.

நான்கு கேள்விகளுக்கும் விடை ஒரே திசையில் சென்றது. எனினும், என் தாயாரின் கேள்விக்கு இவற்றுள் எதுவும் விடையாகாது என்பதை அறிந்திருந்தேன். செயல், வலி, காலம், இடம் என்பன அறிவுக்கு விடை சொல்லும். மானத்துக்கு விடை சொல்லா. அதைப் பேத்தியே சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மாலை அவள் பாட்டியின் அருகில் அமர்ந்து, "தாத்தாவுக்கு வேறு வேலை கிடைத்திருந்தால் இதைச் செய்திருப்பாரா, பாட்டி?" என்று கேட்டாள்.

"செய்திருக்கமாட்டார்" என்றார் தாயார்.

"எனக்கு வேறு வேலை இருக்கிறது. இருந்தும் இதைக் கேட்கிறேன். அவர்மேல் ஏற்றி வைத்தார்கள். நான் விரும்பி எடுக்கிறேன். இரண்டும் ஒன்றாகுமா?"

தாயார் உடனே இணங்கிவிடவில்லை. எதிர்க்கேள்வி ஒன்று கேட்டார். "சரி, நீ படித்துப் பெரியவளாகிக் கணக்குப் போடுவாய். லோரிக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்கு அதனால் என்ன வரும்?"

மெத்தப் படித்தவர் எவரும் கேட்காத கேள்வி அது! பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் கழிவின் எடை உண்டு, ஈரப்பதம் உண்டு, வாயுக் கணக்கு உண்டு, செலவுக் கணக்கும் உண்டு. அதைத் தூக்குகிற மனிதனின் முதுகு எந்தப் பாடத்தில் வருகிறது? என் மகள் நெடுநேரம் பேசாதிருந்தாள். அன்றிரவே தன் ஆய்வுக்கென எழுதி வைத்திருந்த குறிப்பை மாற்றி எழுதினாள். அடுக்குமாடி வீடுகளில் உணவு எச்சத்தைத் தனியே பிரிப்பதால் குப்பையின் அளவு எவ்வளவு குறையும் என்பது முன்னைய கேள்வி. பிரிப்பதனால், அள்ளுவோர் தூக்கும் எடையும் அவர்கள் உடல் படும் ஊறும் எவ்வளவு குறையும் என்பது அதனோடு சேர்ந்த புதிய கேள்வி.

மற்றொரு பயனும் விளைந்தது. கேள்வி கேட்ட பாட்டியே பிறகு விடை சொல்பவராகவும் மாறினார். அக்காலத்தில் எந்தெந்த வீட்டார் சோற்று எச்சத்தைத் தனி வாளியில் வைப்பார்கள், பன்றி வளர்ப்போர் அதை எப்படி வந்து வாங்கிச் செல்வார்கள், தந்தையார் பொறுக்கிவரும் புட்டிகளையும் தகரங்களையும் பழைய சாமான் வாங்குபவர் என்ன விலைக்கு எடுப்பார் என்றெல்லாம் கதை கதையாகச் சொன்னார். தரம் பிரித்தல் என்று இன்று நாம் கொள்கையாக வகுத்ததை, வறுமை அன்று வழக்கமாகவே வைத்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக இவற்றை அவர் எனக்குச் சொன்னதில்லை. வெட்கத்துக்குரியது என ஒளித்து வைக்கப்பட்டிருந்த அனுபவம், ஒருத்தி கற்க விரும்பிய நாளில் அறிவாக வெளிவந்தது. பேத்தி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். என் தந்தையாரின் பெயர் ஓர் ஆய்வுக் குறிப்பில் ஏறியது அன்றுதான்.

துறையைத் தேர்ந்ததற்குக் காரணம் என்ன என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் அவள் இரண்டே வரிகள் எழுதினாள். தன் தாத்தா இந்நகரத்தின் கழிவைச் சுமந்தவர் என்பது ஒரு வரி. அச்சுமையைக் குறைக்கும் வழியைக் கற்க விரும்புவதாக மற்றொரு வரி. என் மைத்துனர் அதைப் படித்துவிட்டு, சம்பளத்தைப் பற்றி மீண்டும் பேசவில்லை. தாயாரோ மகிழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை. "வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டு உள்ளே வா" என்று மட்டும் சொன்னார். அது அவர் வழியில் தந்த வாழ்த்து என எடுத்துக்கொண்டோம்.

இவ்வளவும் சொன்னது, மாணவர் அனைவரும் குப்பையைப் படிக்க வேண்டும் என்பதற்காக அன்று. ஒருவர்க்கு நீர் பொருந்தும். ஒருவர்க்குச் சூரிய ஆற்றல் பொருந்தும். நேர்மையாக எழுதப்படும் நிறுவன அறிக்கையும் நாட்டுக்குத் தேவையே. ஆனால், ஆசிரியர்களாகிய நாம் மாணவரிடம் வழக்கமாகக் கேட்பது, "எதில் வேலை கிடைக்கும்?" என்பதுதான். அக்கேள்வி தவறானதன்று, வயிற்றுக்கு விடை வேண்டும். அதனோடு வேறொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: "உன் வீட்டிலும் உன் தெருவிலும் யாரும் பேச விரும்பாத சிக்கல் எது?" எஸ்டேட்டில் வளர்ந்த மாணவர்க்கு அது பூச்சிமருந்தாக இருக்கலாம், மீனவர் குப்பத்தில் வளர்ந்தவர்க்குக் கடல் தூர்ப்பாக இருக்கலாம், ஆற்றோரத்தில் வளர்ந்தவர்க்கு வெள்ளமாக இருக்கலாம். அவர்கள் வெட்கப்பட்டு மறைத்து வைத்திருக்கும் அந்த அனுபவம், பிற மாணவர் நூலகத்தில் தேடியும் பெற முடியாத முதல் பாடமாகும்.

துறை தேர்தல் என்பது பிழைப்பைத் தேர்தல் மட்டுமன்று. எதற்குப் பொறுப்பேற்கிறோம் எனத் தேர்தலுமாகும். சாக்சனியில் ஒருவர் ஒரு காட்டுக்குப் பொறுப்பேற்றார். மதுரையில் ஒருவர் வீசியெறிந்த நெகிழிக்குப் பொறுப்பேற்றார். பேண்தகைமை என்னும் பெருஞ்சொல் அத்தகையோர் கைகளில்தான் பொருள் பெற்றது. எதைப் பேணப் போகிறோம் என்பதை அறியாதவர்க்கு அது வெறுஞ்சொல்லாகவே நின்றுவிடும்.